யார் வீட்டுச் சாப்பாடு?

சென்னைக்குப் புதிதாக வந்தவர்கள் சாப்பிட்ட இடங்கள் குறித்து

1. பலகை

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் சந்துகளில் காலை பத்து மணிக்கு நடந்தால் துவரம்பருப்பு வேகும் வாசனை வரும். வாசனையைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு பலகை தென்படும். பழைய பலகைகள் தகரத்தில் கையால் எழுதியவை, இப்போதுள்ளவை பிளெக்ஸ். வாசகம் மட்டும் மாறவில்லை: வீட்டுச் சாப்பாடு. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், எடுப்புச் சாப்பாடு கிடைக்கும். பலகை தொங்குவதும் அநேகமாக ஒரு வீட்டு வாசலில்தான். திண்ணையில் பாதியை இடித்துக் கல்லா போட்டிருப்பார்கள். கூடத்தில் நான்கு மேசை, முற்றத்தில் கை கழுவும் குழாய், குழாயடியில் பாசி பிடித்த செங்கல். கல்லாவுக்கு மேலே மாலை போட்ட ஒரு பெரியவரின் படம்.

1994-இல் மானாமதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலையில் சேர்ந்த நான் ஆறு ஆண்டுகள் இப்படியொரு பலகைக்குக் கீழே சாப்பிட்டேன். யார் வீட்டுச் சாப்பாடு என்று கேட்க அப்போது தோன்றவில்லை. பசியோடு வருகிறவனுக்கு அது தோன்றாது. அங்கே இலையில் விழுந்தவற்றில் பெரும்பாலானவை என் வீட்டில் அன்றாடம் சமைக்கப்பட்டவை அல்ல என்பது பின்னால்தான் உறைத்தது. எங்கள் வீட்டில் காலையில் பழைய சோறு, இரவில் சுடுசோறும் ஒரு குழம்பும். புளிக்குழம்பு, பானையில் கருவாடு கிடந்தால் கருவாட்டுக் குழம்பு. இட்லி தீபாவளிக்கு. சாம்பார் கல்யாண வீட்டுச் சமாசாரம்.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். பெருநகரத்துக்குப் புதிதாக வருகிறவனுக்கு ‘வீடு’ என்று சொல்லி விற்கப்படும் சாப்பாடு யாருடைய வீட்டிலிருந்து வருகிறது? அது தன் வீட்டைப்போல இல்லாதபோதும் அவன் அதை ஏன் ஒப்புக்கொள்கிறான்? திருவல்லிக்கேணியைச் சுற்றி, ஒற்றை ஆண்கள் தங்கும் மேன்ஷனும் சாப்பிடும் மெஸ்ஸுமான உலகத்தை முதன்மையாக வைத்து இதைப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த இடம் அது.

2. இரண்டு வாசிப்புகள்

ஓட்டல் குறித்து எழுதியவர்களிடம் பொதுவாக இரண்டு பார்வைகளைக் காணலாம். ஓட்டல் சாதியைத் தளர்த்திய இடம் என்பது ஒன்று. காசு கொடுத்தவன் உட்காரலாம். பக்கத்தில் இருப்பவன் யார் என்று கேட்க முடியாது. உள்ளே சமைத்தவன் யார் என்று தெரியாது. பம்பாயில் வெளியே சாப்பிடும் பழக்கம் வளர்ந்த விதத்தைப் பற்றி ஃபிராங்க் கான்லன் எழுதி 1995-இல் ஒரு தொகுப்பில் வந்த கட்டுரை, இந்தத் திசையில் யோசிப்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது. வெளியே சாப்பிடத் தயங்கிய ஒரு சமூகம் எப்படிப் படிப்படியாக அதற்குப் பழகியது என்பதை அதில் பார்க்கலாம்.

மற்றொரு பார்வை தமிழகத்தில் வலுவானது. இங்கே ஓட்டல் நெடுங்காலம் சாதியின் இன்னொரு கூடமாகவே இருந்தது. காப்பியைப் பற்றிய தம் கட்டுரையில் ஆ. இரா. வேங்கடாசலபதி, ஒரு பானம் எப்படி ஒரு வகுப்பின் அடையாளமாக ஆனது, காப்பி ஓட்டல்களில் யார் எங்கே உட்கார முடிந்தது என்பதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் இருந்த தனித்தனி இடங்கள், பெரியாரின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பிறகு 1941-இல்தான் ஒழிந்தன. 1957-இல் இதே திருவல்லிக்கேணியில், முரளி கபே என்ற ஓட்டலின் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லித் திராவிடர் கழகத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் போயிற்று.

இன்னும் பின்னால் போகலாம். 1910களில் டாக்டர் சி. நடேச முதலியார் திருவல்லிக்கேணியில் ‘திராவிடர் இல்லம்’ என்ற மாணவர் விடுதியைத் தொடங்கினார். ஊரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குத் தங்கவும் சாப்பிடவும் இடம் கிடைக்காமல் இருந்ததே காரணம். அந்த வட்டாரத்திலிருந்துதான் சற்றுப் பின்னால் நீதிக்கட்சி என்று அறியப்பட்ட இயக்கம் திரண்டது. நம் அரசியல் வரலாறுகள் இந்த விடுதியை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. எனக்கு அது ஒரு வரியில் முடிகிற செய்தியாகத் தெரியவில்லை. ஒரு நூற்றாண்டு அரசியலின் முன்கதையில், புது ஊருக்கு வந்த பையன் இராத்திரி எங்கே சாப்பிடுவான் என்ற கேள்வி உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு பார்வைகளும் உண்மை பேசுகின்றன. ஆனால் இரண்டும் பந்தியில் யார் உட்கார்கிறார், உள்ளே யார் சமைக்கிறார் என்பதையே கவனிக்கின்றன. இலையில் என்ன இருக்கிறது, அதற்கு என்ன பெயர் என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. ‘பிராமணாள்’ போன பிறகும் ‘உயர்தர சைவ உணவகம்’ என்ற தொடர் ஊரெங்கும் இருக்கிறது. அந்த ‘உயர்தர’ அரிசியின் தரத்தைச் சொல்கிறதா, சாப்பாட்டின் படிநிலையைச் சொல்கிறதா என்று யாரும் வழக்குப் போடவில்லை. மெஸ் பலகையில் இந்த இரண்டு சொற்களும் இருப்பதில்லை. அங்கே வேலையைச் செய்வது ‘வீடு’.

3. அடுப்பு இல்லாத அறை

சென்னைக்கு வந்த முதல் மூன்று வாரம் வாடகைக்கு இடம் தேடினேன். ஒரு வீட்டுக்காரர் மாடி அறையைத் திறந்து காட்டிவிட்டு, “தம்பி, நீங்க என்ன சமைப்பீங்க?” என்றார். எனக்குச் சமைக்கத் தெரியாது, வெளியேதான் சாப்பிடுவேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “கல்யாணம் ஆனா சமைப்பாங்கல்ல?” என்றார். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வராத மனைவி வைக்காத குழம்பின் வாசனைக்காக அந்த அறை கிடைக்காமல் போனது.

அவர் கேட்க நினைத்தது சாதியை. நேராகக் கேட்பது நாகரிகமில்லை என்பதால் அடுப்பு வழியாகக் கேட்டார். ‘சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும்’ என்ற வாடகை அறிவிப்புகள் இன்றும் சென்னையில் அருகிவிடவில்லை. வாடகைக்கு விடுகிறவரின் அச்சமெல்லாம் சமையலறையில்தான் குவிகிறது: வாசனை, பாத்திரம், சாக்கடையில் போகும் முள்.

மேன்ஷன் என்ற ஏற்பாடு ஏன் இவ்வளவு பெருகியது என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் உண்டு. தலைமைச் செயலகமும் பல்கலைக்கழகமும் மாநிலக் கல்லூரியும் அண்ணா சாலை அலுவலகங்களும் நடந்து போகும் தூரம். பிறகு வேலை தேடுவோர், தேர்வுக்குப் படிப்போர், விற்பனைப் பிரதிநிதிகள், சினிமா வாய்ப்புக்கு அலைவோர் என ஒற்றை ஆண்களின் பெருக்கம். இவை சரிதான். ஆனால் மேன்ஷன் அறையின் முக்கியமான அம்சம் அதில் இல்லாத ஒன்று. அதில் அடுப்பு கிடையாது. மூன்று கட்டில், ஒரு மேசை, சுவரில் ஆணி. ‘அறையில் சமைக்கக் கூடாது’ என்று ஒவ்வொரு தளத்திலும் எழுதி ஒட்டியிருக்கும். தீ விபத்துக்குப் பயந்துதான் அது என்பார்கள். மின்சுருளை வாளியில் போட்டுத் திருட்டுத்தனமாக வெந்நீர் வைத்து ஃப்யூஸைப் போக்கிய எங்களுக்கு அந்தப் பயத்தின் நியாயம் புரிந்தே இருந்தது. ஆனாலும் விளைவு வேறு. அடுப்பு இல்லாத அறையை யாருக்கும் கொடுக்கலாம். மேனேஜர் என்னிடம் கேட்டவை இரண்டே: எங்கே வேலை, அட்வான்ஸ் எப்போது.

அதாவது, குடியிருப்பு சமையலறையைத் தன்னிடமிருந்து கழற்றி வெளியே வைத்தது. வெளியே வைக்கப்பட்ட அந்தச் சமையலறைதான் மெஸ்.

அரசின் கணக்கெடுப்புகள் இந்த இடத்தில் தடுமாறுவது வேடிக்கையானது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் தேசிய மாதிரி ஆய்விலும் ‘குடும்பம்’ என்பதற்கு அடிப்படை, சேர்ந்து வாழ்ந்து ஒரே அடுப்பில் சாப்பிடுவது. மெஸ், விடுதி என்று வந்தால் இரண்டும் பிரிகின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, உறவில்லாதவர்கள் ஒரு நிறுவனத்தில் தங்கி ஒரே சமையலில் சாப்பிட்டால் அத்தனை பேரையும் சேர்த்து ஒரே ‘நிறுவனக் குடும்பம்’ என்கிறது. விடுதி, மெஸ், ஆசிரமம், சிறை எல்லாம் அந்த வகை. மாதிரி ஆய்வோ மெஸ்ஸிலும் விடுதியிலும் இருக்கும் ஒவ்வொருவரையும் தனித்தனியே ஓராள் குடும்பமாக எண்ணுகிறது. ஒரு துறையின் கண்ணில் இருநூறு பேர் ஒரு வீடு. இன்னொன்றின் கண்ணில் இருநூறு வீடுகள். தங்குவது ஓரிடமும் சாப்பிடுவது வேறிடமுமாக இருந்த எங்களைப் போன்றவர்கள் இரண்டு வரையறைகளிலும் சரியாகப் பொருந்தமாட்டோம். சாப்பிடுகிற எங்களுக்கே எங்கள் வீடு எது என்று தெளிவாகத் தெரியாதபோது கணக்கெடுக்கிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

4. இலையின் இலக்கணம்

மெஸ்ஸில் முதல் நாள் நான் செய்த தவறு நன்றாக நினைவிருக்கிறது. இலையில் போட்ட சோறு முழுவதையும் சாம்பாரை ஊற்றிப் பிசைந்துவிட்டேன். எங்கள் ஊரில் அப்படித்தான். ஒரு குழம்பு, அதற்கு அவ்வளவு சோறும். பரிமாறுகிறவர் ரச வாளியோடு வந்து என் இலையைப் பார்த்துவிட்டு நின்றார். “ரசத்துக்குச் சோறு வச்சுக்கலியா?” என்றார். எதிரே இருந்தவர் தன் சோற்றை மூன்றாகப் பிரித்து, நடுக் குவியலில் விரலால் ஒரு குழி பறித்து, அதில் ரசம் தேங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரை உடையாமல் அவர் சாப்பிட்டது எனக்குப் பெரிய வித்தையாகப் பட்டது. ஒரு வாரத்தில் நானும் கற்றுக்கொண்டேன். முதல் குவியல் சாம்பாருக்கு, அடுத்தது ரசத்துக்கு, கடைசி மோருக்கு. பொரியலைக் கடைசிவரை மிச்சம் பிடிக்க வேண்டும், ஊறுகாய் மோர்ச்சோற்றுக்கு. நகரத்தில் நான் முதலில் கற்ற இலக்கணம் இதுதான், தமிழ் மெய்ப்புத் திருத்தும் விதிகளையெல்லாம் அதன் பின்னர்தான் கற்றேன்.

இந்த வரிசை ‘தமிழர் வீட்டு’ வரிசை என்றே பலரும் நம்புகிறார்கள். கோயில் மடப்பள்ளி, கல்யாணப் பந்தி, வசதியுள்ள சைவ வீடுகள், பிராமண வீடுகள் இவற்றுக்கு அது உரியதாக இருந்திருக்கலாம். பெரும்பாலான கிராமத்து வீடுகளில் இரண்டு தலைமுறை முன்புவரை ஒரே வேளையில் குழம்பும் ரசமும் மோரும் அடுத்தடுத்து வருவது அபூர்வம். அன்றாடத்துக்கு எட்டாத பந்திச் சாப்பாட்டை அன்றாடச் சாப்பாடாக மாற்றி, விலை போட்டு, எல்லார் முன்னும் வைத்தது நகரத்து ஓட்டல்.

அதைச் செய்தவர்களிலும் முக்கியமான பலர் வெளியூர்க்காரர்கள். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த கே. கிருஷ்ணா ராவ் 1938-இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். தாசப்பிரகாஷை உருவாக்கிய சீதாராம ராவும் கன்னட நாட்டிலிருந்து வந்தவரே. திருவல்லிக்கேணியில் சாம்பார் என்றாலே பலருக்கு ரத்னா கபேதான் நினைவுக்கு வரும். இட்லி மூழ்கும்வரை சாம்பாரை ஊற்றும் அந்தக் கடையை 1948-இல் தொடங்கியது உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். சென்னையின் ‘நம்ம வீட்டு’ ருசிக்கு அடையாளமாகச் சொல்லப்படும் சாம்பார், இன்னொரு புது வரவின் தொழில்.

அச்சுக்கும் இதில் பங்கு உண்டு. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-இல் வெளிவந்தது. அம்மாவும் மாமியாரும் பக்கத்தில் இல்லாத இடங்களில் குடித்தனம் தொடங்கிய பெண்களின் கையேடாக அது பரவியது. புதுக் குடும்பங்களின் அலமாரியில் அதைப் பார்க்கலாம். கடல் தாண்டிப் போன பெட்டிகளிலும் அது போனது. அர்ஜுன் அப்பாதுரை 1988-இல் எழுதிய கட்டுரையில், நகரத்து நடுத்தர வகுப்புப் பெண்களின் சமையல் புத்தகங்கள் வழியாகவே ‘இந்தியச் சமையல்’ என்ற பொதுப்பொருள் உருவானது என்று வாதிட்டார். அவர் நாடு முழுவதற்கும் சொன்னதைச் சென்னையின் அளவில் மெஸ்ஸுக்கும் நீட்டிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன், ஒரு திருத்தத்தோடு. புத்தகம் வாங்காதவர்களுக்கும், சமைக்கவே போகாத ஆண்களுக்கும் அந்தப் பொதுச் சமையலைக் கற்பித்தது மெஸ் இலை.

இதற்கு மறுப்பும் உண்டு. எல்லா மெஸ்ஸும் ஒரே மாதிரி இல்லை. பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு உண்டு. நடத்துகிறவர்களில் தென்மாவட்டத்துக்காரர்கள் ஏராளம். நான் சாப்பிட்ட மெஸ்ஸையும் கோவில்பட்டிப் பக்கத்துக் குடும்பம்தான் நடத்தியது. அப்படியிருக்க அதை ஒரே அச்சு என்று எப்படிச் சொல்வது?

ஒரு நாள் வேலை இழுத்துவிட்டதால் மூன்றரை மணிக்குப் போனேன். கடை ஓய்ந்து, கூடத்து மேசைகளைத் துடைத்து நாற்காலிகளைக் கவிழ்த்திருந்தார்கள். அடுக்களைக்குள் வீட்டார் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அலுமினியச் சட்டியில் கருவாட்டுக் குழம்பு. வாசனை வாசல்வரை வந்தது. பத்து மாதமாக நான் மோந்திராத வாசனை. “அக்கா, அதுல கொஞ்சம் ஊத்துங்க” என்றேன். அக்காவுக்குச் சங்கடமாகிவிட்டது. “ஐய, இது வீட்டுக்கு வச்சது தம்பி. இருங்க, உங்களுக்குச் சாம்பார் சுட வைக்கிறேன்” என்று எழுந்தார்.

வீட்டுச் சாப்பாடு என்று வெளியே பலகை. வீட்டுக்கு வைத்ததை வெளியே கொடுக்கக் கூடாது என்று உள்ளே விதி. அந்த அக்காவுக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை. பலகையில் இருந்த வீடு அவருடைய வீடும் அல்ல.

5. ஊர்ப் பெயர் சுமப்பவை

அப்படியானால் மற்ற வீடுகளின் சாப்பாடு என்ன பெயரில் நகரத்துக்கு வந்தது? பலகைகளை வரிசையாகப் படித்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. முனியாண்டி விலாஸ், செட்டிநாடு, ஆந்திரா மெஸ், பாய் கடை பிரியாணி, பர்மா அத்தோ. ஒவ்வொன்றும் ஒரு சாமியையோ ஊரையோ சமூகத்தையோ சுமக்கிறது. எவை எங்கிருந்து வந்தன என்று சொல்ல வேண்டியிருக்கிறதோ அவற்றுக்கு ‘வீடு’ என்ற சொல் அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை.

முனியாண்டி விலாஸ் நல்ல எடுத்துக்காட்டு. மதுரை மாவட்டம் கள்ளிக்குடிப் பக்கத்து வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலின் பெயரை வைத்து, 1930களில் காரைக்குடியில் ஒரு கடையாகத் தொடங்கி மாநிலமெங்கும் பரவியது இது. ஒரு தலைமையகம் கிடையாது, பதிவு முத்திரை கிடையாது. அந்த ஊர்க்காரர்களும் உறவுக்காரர்களும் சாமி பெயரால் கடை வைக்கிறார்கள், தை மாதம் ஊர் திரும்பிக் கோயிலில் பிரியாணி படைக்கிறார்கள். ஊரை விட்டுப் போனவர்கள் ஊரையே பெயர்ப்பலகையாக எடுத்துப்போன கதை. அவர்களுடைய கடையும் பொதுவழக்கில், கறிச் சாப்பாடு போடும் ‘மிலிட்டரி ஓட்டல்’ வரிசையில்தான் வைக்கப்பட்டது. மெஸ் என்ற சொல்லும் பட்டாளத்திலிருந்தே நம்மிடம் வந்தது. ஒரே பட்டாளத்திலிருந்து வந்த இரண்டு சொற்களில் ஒன்றுக்குக் கறி ஒட்டிக்கொண்டது, மற்றொன்றுக்கு வீடு.

அத்தோ இன்னும் துலக்கமானது. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்குச் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் பிழைப்பாயிற்று. அதையொட்டிய தெருக்களில் மாலையானால் தள்ளுவண்டிகள் நிற்கும். கையால் பிசையும் நூடுல்ஸ், பொரித்த வெங்காயம், முட்டைகோஸ், புளித்தண்ணீர், பக்கத்தில் வாழைத்தண்டு சூப். ரங்கூனில் தமிழர்கள் பழகிய சாப்பாடு அது. அவர்களுக்கு ஊர் திரும்பியதே ஓர் அகதி வாழ்வு. அவர்கள் வீட்டுச் சாப்பாடு சென்னையின் தெருச் சாப்பாடாயிற்று. வடசென்னையில் மாட்டுக்கறி பிரியாணி, சுக்கா விற்கும் வண்டிகளையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். எத்தனையோ வீடுகளில் அது அன்றாடக் குழம்பு. ‘வீட்டுச் சாப்பாடு’ என்ற பலகை தொங்கும் ஒரு மெஸ்ஸிலும் நான் அதைக் கண்டதில்லை.

அரசு இந்தத் தொழிலில் இறங்கியபோதும் இதே அச்சுதான் கைக்கு வந்தது. 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்களில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். புதிதாக வந்து கையில் காசில்லாமல் நிற்கும் ஒருவனுக்கு இந்த நகரம் கொடுத்தவற்றில் இதற்கு இணையான ஏற்பாட்டை நான் அறியேன். 2020 ஊரடங்கில் அவற்றின் அருமை எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் அங்கே முட்டைகூட இல்லை. பள்ளிச் சத்துணவில் பிள்ளைகளுக்கு முட்டை போடும் அதே அரசு, பெரியவர்களுக்கு ‘அம்மா’ என்ற பெயரில் சமைக்கும்போது சைவத்துக்குப் போய்விடுகிறது. செலவு ஒரு காரணமாக இருக்கலாம். எல்லாரும் தயங்காமல் சாப்பிடுவது சைவம்தான் என்ற வாதமும் உண்டு. அந்த வாதம் ஒன்றும் பொய்யில்லை. மறுப்புக்கு இடமில்லாத பொதுச்சாப்பாடு எது என்பதை மறுக்கக்கூடியவர்களே முடிவு செய்கிறார்கள் என்பதுதான் அதிலுள்ள சிக்கல்.

அண்மைக் காலத்தில் இது சற்று மாறிவருகிறது. ‘கிராமத்துச் சமையல்’, ‘வீட்டு முறை நாட்டுக்கோழி’ என்ற பலகைகள் பெருகியிருக்கின்றன. கறிக்கும் வீடு கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. அதிலும் கவனிக்க ஒன்று உண்டு: நாட்டுக்கோழிக்கு ‘முறை’ என்ற துணைச்சொல் தேவைப்படுகிறது. சாம்பாருக்கு ‘வீட்டு முறைச் சாம்பார்’ என்று யாரும் எழுதுவதில்லை.

6. கணக்கு நோட்டு

தன் வீட்டுச் சாப்பாடு இல்லை என்றால் புதியவன் ஏன் அங்கேயே சுற்றிவருகிறான்? விலை ஒரு காரணம். ஓட்டலைவிட மெஸ் மலிவு. எனக்குத் தெரிந்தவரை விலையைவிடப் பெரிய காரணம் கல்லாவில் கிடந்த நீள நோட்டு.

கோடு போட்ட நீள நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். தேதிக்கு எதிரே ‘ப’ என்றால் பகல், ‘இ’ என்றால் இரவு. ஆம்லெட் போட்டால் ஓரத்தில் ஒரு சுழி. சம்பளம் வந்த அன்று கூட்டிப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பக்கத்தின் தலைப்பில் பெயர் இருக்காது. முதல் மாதம் நான் ‘ரூம் 14’. அறைக்கு மூன்று பேர் என்பதால் குழப்பம் வந்து, இரண்டாம் மாதம் ‘14 மானாமதுரை’ ஆனேன். பிறகு வெறும் ‘மானாமதுரை’. ஒரு தஞ்சாவூர், இரண்டு சங்கரன்கோவில், ஒரு ஊத்தங்கரை. என்னை ஊர்ப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் சென்னையில் அவர்கள்தான். ஊரில் யாரும் ஊர்ப் பெயரால் அழைக்கப்படுவதில்லை. ஊரை விட்டு வந்தவனுக்குத்தான் அந்தப் பெயர்.

நோட்டில் பக்கம் இருப்பது கடன் கிடைப்பதோடு முடியவில்லை. இரண்டு வேளை தொடர்ந்து ‘ப’, ‘இ’ விழவில்லை என்றால் மூன்றாம் வேளை பரிமாறுகிற பையன் மேன்ஷன் படியேறி வருவான். மஞ்சள் காமாலை வந்து கிடந்த ஒருவனை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். எனக்குச் சென்னையில் முதல் வங்கிக் கணக்கு தொடங்கக் காரணமும் மெஸ்தான். அந்நாளில் ஏற்கெனவே கணக்குள்ள ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போடாமல் கணக்குத் தொடங்க முடியாது. அச்சக முதலாளியிடம் கேட்கத் தயங்கினேன். அக்காவின் வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார். எத்தனை நாளாகத் தெரியும் என்ற கட்டத்துக்கு எதிரே, நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்.

ஆகவே மெஸ் விற்ற வீடு இலையில் இல்லை, நோட்டில் இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. வராவிட்டால் தேடுகிற ஓர் இடம். சாம்பார் ருசிக்காக யாரும் ஆறு வருடம் ஒரே கடையில் சாப்பிடுவதில்லை.

இதை அளவுக்கு மீறி உருகிச் சொல்வது தவறு. நோட்டு எல்லாருக்கும் திறக்கவில்லை. ‘எங்கே வேலை’ என்ற கேள்விக்கு அலுவலகம் ஒன்றின் பெயரைச் சொல்ல முடிந்தவனுக்கே பக்கம். அதே தெருவில் மேன்ஷன் கட்டிக்கொண்டிருந்த சித்தாள்களும் கொத்தனார்களும் காசு வைத்து வாங்கினார்கள், அதுவும் பார்சலாக. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மெஸ் ஐந்து நாள் மூடும். ஊருக்குப் போக முடியாதவர்கள் அந்த நாட்களில் வாழைப்பழமும் பன்னுமாகக் கிடப்பார்கள். ஊரெல்லாம் வீட்டில் சாப்பிடும்போது அவர்களுக்கு மட்டும் வீடு விடுமுறையில் இருக்கும்.

7. திரைக்கு அந்தப் பக்கம்

இதுவரை ‘அவன்’ என்றே எழுதிவந்திருக்கிறேன். அது கைப்பிழை இல்லை. ஆறு ஆண்டுகளில் எங்கள் மெஸ்ஸுக்குள் உட்கார்ந்து சாப்பிட்ட பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களும் யாரோ ஒருவரின் அம்மாவோ அக்காவோ. ஊரிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் விடுதிகளில் இருந்தார்கள். அங்கே சாப்பாடு கட்டணத்தோடு சேர்ந்தது; சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பணம் போகும்; இரவு கதவு மூடும் நேரம் உண்டு. பெரிய ஓட்டல்களில் அவர்களுக்கென்று ‘ஃபேமிலி ரூம்’ தடுப்பு இருந்தது, ஆனால் தனியாக வந்த பெண்ணைக் குடும்பம் என்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை. புது நகரத்தின் ருசிகளைப் பற்றிய நினைவுக் குறிப்புகள் ஏறக்குறைய எல்லாமே ஆண்களுடையவையாக இருப்பதற்கு இதுவே காரணம். நானும் அந்தக் குவியலில்தான் ஒன்றைச் சேர்க்கிறேன்.

பெண்கள் இல்லாமல் மெஸ் இல்லை என்பது இதன் மறுபக்கம். மெஸ்ஸில் ‘வீடு’ என்ற சொல்லுக்கு நம்பகம் கொடுத்தவர் அடுக்களையில் நிற்கும் பெண். மயிலாப்பூர் மாமி மெஸ்களும் திருவல்லிக்கேணி அக்கா மெஸ்களும் அவர்கள் கையை நம்பி நடந்தவை. அம்மா உணவகங்களில் சமைப்பவர்களும் மகளிர் சுய உதவிக் குழுவினர். 2023 முதல் தமிழக அரசு நடத்தும் தோழி விடுதிகள், வேலைக்கு வரும் பெண்களின் தங்குமிடச் சிக்கலை ஓரளவு தீர்க்கின்றன. இரவு பத்தரைக்கு வேலை முடிந்து வருகிற பெண் தெருவில் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவாள் என்பது அதற்கு வெளியே இருக்கும் கேள்வி.

8. திரும்பிப் போன ருசி

மேன்ஷன்கள் இப்போதும் இருக்கின்றன. அவற்றை நோக்கி வரும் கூட்டம் குறைந்துவிட்டது. பழைய மகாபலிபுரம் சாலை வேலைகளுக்கு வருகிறவர்கள் சாப்பாட்டோடு கூடிய பி.ஜி. விடுதிகளில் தங்குகிறார்கள், அல்லது கைப்பேசியில் வரவழைக்கிறார்கள். செயலிகளிலும் ‘வீட்டுச் சாப்பாடு’ என்று தேடலாம். சமைத்தவரின் வாசலைக்கூடப் பார்க்காமல் சாப்பிடலாம். செயலிக்கு நம் முகவரியும் நாம் போன வாரம் சாப்பிட்டதும் நினைவிருக்கும். இரண்டு வேளை ஆர்டர் போடாவிட்டால் அதுவும் விசாரிக்கிறது, தள்ளுபடிக் கூப்பனோடு.

‘வீடு’ என்ற பலகை நகரத்தில் உருவாக்கிய சாப்பாடு நகரத்தோடு நின்றுவிடவில்லை. வேலைக்குப் போனவர்கள் திரும்பியபோது கூடவே ஊர்களுக்கும் போனது. இன்று எங்கள் கிராமத்தில் இட்லி மாவு பாக்கெட்டில் கிடைக்கிறது. சாம்பார்ப் பொடி பெட்டிக்கடையில் சரமாகத் தொங்குகிறது. இந்த மாற்றத்துக்குத் தொலைக்காட்சி, மிக்ஸி, கிரைண்டர், ரேஷன் அரிசி எனப் பல காரணங்கள் உண்டு. மெஸ்ஸின் பங்கு அதில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஒரு வீட்டில் அது நுழைந்த நாளை மட்டும் சொல்ல முடியும்.

1996-ஆம் ஆண்டுப் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள். அம்மா சுடுசோறு போட்டுக் கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். நான் சோற்றில் பாதியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி, நடுவில் குழி பறித்துக் கரை கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கரண்டியோடு நின்று பார்த்தாள்.

“ஏய்யா, சோத்த எதுக்கு ஒதுக்குற?”

“ரசத்துக்கு” என்றேன்.

எங்கள் வீட்டில் அன்றைக்கு ரசம் வைக்கவில்லை.